சளியிலும் பிராங்கோஸ்கோபியிலும் ஒன்றும் வரவில்லை. பிறகு ஊசி பயாப்சி எதற்கு?

மூத்தமகள்:
அப்பாவுக்கு 64 வயது, வெகுகால பீடிப் பழக்கம். சிடி ஸ்கேனில் வலது நுரையீரலின் ஓரத்தில், விலா எலும்பை ஒட்டி 1.8 செ.மீ. கட்டி. சளியில் காசநோய்க் கிருமியும் இல்லை, புற்றுநோய் செல்லும் இல்லை. பிராங்கோஸ்கோபியில் (மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) எடுத்த கழுவுநீரிலும் இல்லை. இப்போது சிடி பார்த்தபடி முதுகுப்புறம் ஊசி போட வேண்டும் என்கிறார் மருத்துவர். இரண்டு சோதனையில் தென்படாதது மூன்றாவதில் எப்படித் தெரியும்? ஊசி பட்டால் பரவிவிடும் என்று சித்தப்பா வேறு பயமுறுத்துகிறார்.

ஸ்லைடுபார்ப்பவர்:
செல்லியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். பெரிய மூச்சுக்குழாயில் உதிரும் செல்கள் சளியோடு வெளியே வரும். ஓரத்துக் கட்டியின் செல்கள் வருவது குறைவு. ஸ்லைடில் மேக்ரோபேஜ் செல்கள் (நுரையீரலின் காற்றறைகளில் தூசியை விழுங்கும் செல்கள்) தெரிந்தால்தான் அது நுரையீரலின் ஆழத்துச் சளி. எங்களுக்கு வரும் டப்பாக்கள் பலவற்றில் வெறும் எச்சில்தான்! பிராங்கோஸ்கோபியில், குழாய்க்குள் கண்ணுக்கே தெரியும் கட்டி பத்தில் எட்டு ஒன்பது பேருக்குப் பிடிபடும். 2 செ.மீ.க்குக் குறைந்த ஓரக் கட்டி மூன்றில் ஒருவருக்குத்தான். சிடி ஊசியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குத் தெரிந்துவிடும். ஊசி போன தடத்தில் பரவுவது மிக மிக அரிது. சித்தப்பா பேச்சைக் கேட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

கரூர்க்காரர்:
மெல்லிய ஊசியா, கோர் ஊசியா என்று முன்பே கேளுங்கள் அம்மா. என் மனைவிக்கு முதலில் மெல்லிய ஊசியால் செல்லை மட்டும் உறிஞ்சினார்கள். அடினோகார்சினோமா என்ற புற்றுநோய் வகை என்று தெரிந்தது. ஆனால் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணு மாற்றங்களைத் தேடும் சோதனைக்குச் சதை போதவில்லை. மறுபடி படுக்க வைத்துக் குத்தினார்கள். கோர் ஊசியில் சேமியாத் துண்டு போல வருகிறது. மாத்திரை சிகிச்சை பொருந்துமா என்பது அந்தச் சோதனையில்தான் தெரியும்.

மூத்தமகள்:
இருவருக்கும் நன்றி. அப்பா இதயத்துக்காக க்ளோபிடோக்ரல் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். எம்ஃபைசிமாவும் (நுரையீரலின் காற்றறைகள் சிதையும் நோய்) இருக்கிறதாம்.

ஸ்லைடுபார்ப்பவர்:
இரண்டையும் ஊசி போடுபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம்; ஆனால் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. எம்ஃபைசிமா இருந்தால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிய வாய்ப்பு அதிகம். அதற்காகவே பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். சிறிய கசிவு தானே சரியாகும். சிலருக்கு அந்தக் காற்றை வெளியேற்றக் குழாய் வைக்க நேரும். வீட்டுக்கு வந்தபின் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.