திக்கிப் பேசிக் காட்டினால் சிரிக்கத்தான் வேண்டுமா?

பாலாற்றங்கரை:
போன மாதம் உறவினர் திருமணத்தில் பலகுரல் கலைஞர் ஒருவர் திக்குவாய்க்காரரைப் போலப் பேசிக் காட்டினார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. என் தம்பியும் சிரித்தான். அவனுக்குத் திக்கும், 'ப' வாயிலேயே நின்றுவிடும். பல்லாவரத்தில் இறங்க வேண்டியவன் கண்டக்டரிடம் குரோம்பேட்டைக்கு டிக்கெட் கேட்பான். காசு கூடப் போனாலும் சரி, பஸ்ஸில் யாரும் சிரிக்காமல் இருந்தால் போதும் அவனுக்கு. இந்தக் கேலி நிற்க வேண்டும்.

மேட்டுத்தெரு:
உங்கள் தம்பி படும் பாடு புரிகிறது. ஆனால் கேலி வேறு, வெறுப்பு வேறு. எங்கள் ஊரில் மாமன் மைத்துனன் கேலி பேசாவிட்டால்தான் ஏதோ மனத்தாங்கல் என்று பொருள். நகைச்சுவை கேட்டு யாரும் கொடியவனாகிவிடுவதில்லை. சர்தார்ஜி நகைச்சுவைகளுக்குத் தடை கோரிய வழக்கில், மக்களுக்கு ஒழுக்க விதி வகுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2017-இல் சொல்லிவிட்டது.

பாலாற்றங்கரை:
நான் தடை கேட்கவில்லை. மாமன் ஒன்று சொன்னால் மைத்துனன் திருப்பி ஒன்று சொல்வான். திக்குபவன் எப்படித் திருப்பிச் சொல்வான்? வாய் திறந்தால் அதுவே அடுத்த சிரிப்பு.

உளவியல் மாணவி:
மேட்டுத்தெரு ஐயா சொல்வதில் பாதி சரி. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஃபோர்டின் விளக்கமும் அதற்கு அருகில்தான் வருகிறது: இத்தகைய நகைச்சுவை புதிதாக வெறுப்பை விதைப்பதைவிட, ஏற்கெனவே அதை மனத்தில் வைத்திருப்பவருக்கு 'இங்கே வெளிக்காட்டலாம்' என்ற துணிச்சலைத் தருகிறது. 2008-இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், பெண்கள்மேல் காழ்ப்புள்ள ஆண்கள் பெண்களை மட்டம்தட்டும் நகைச்சுவைகளைப் படித்தபின், பெண்கள் அமைப்புக்கு நன்கொடை தரக் கை சுருங்கினார்கள். அதே இழிவைச் சிரிப்பில்லாமல் நேராக எழுதிக் கொடுத்தபோது அவ்வளவு சுருங்கவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். நேராகத் திட்டினால் யாராவது தடுப்பார்கள். சிரிப்போடு வந்தால் நாமே வழிவிடுகிறோம்.

மேட்டுத்தெரு:
எல்லையை யார் போடுவது? மாற்றுத்திறனாளிகளே தங்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கவைக்கிறார்களே, அதையும் நிறுத்துவீர்களா?

உளவியல் மாணவி:
'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் தொடர்பான வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிரித்துக் காட்டியது. குறைபாட்டோடு வாழ்வதைப் புரியவைக்கும் நகைச்சுவை ஒன்று. அந்த மனிதரையே தாழ்த்துவது இன்னொன்று. முன்னதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மேட்டுத்தெரு:
அதை ஏற்கிறேன். ஆனாலும் அந்தப் பந்தலில் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன், மறைக்கவில்லை. கூட்டத்தோடு வரும் சிரிப்பில் வன்மத்தைத் தேட வேண்டாம்.

பாலாற்றங்கரை:
தேடவில்லை ஐயா. அன்று என் அத்தை ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் தம்பிதான் அதைச் சொன்னான். அத்தனை கூட்டத்தில் அவன் கண் அவரிடம் போயிருக்கிறது.