ஓடும் நீரில் ஃப்ரீஸ்டைல் கயாக்: எடிக் கோட்டில் கவிழ்வது ஏன், கண்மாயில் எதைப் பயிலலாம்?

செம்மண்துடுப்பு (காரைக்குடி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆடி மாதம் கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரிக்குப் போய், சாலிப்புழையில் ஐந்து நாள் கயாக் பயிற்சி பெற்றேன். நேராகச் செலுத்தவும், கவிழ்ந்தால், இருக்கைத் துளையில் நீர் புகாமல் மூடும் ஸ்பிரே ஸ்கர்ட்டை இழுத்துக் கழற்றிக்கொண்டு வெளியே வரவும் பழகிவிட்டேன். ரோல், அதாவது கவிழ்ந்த படகிலிருந்து வெளியேறாமலே நிமிர்வது, பத்துக்கு நான்கு முறைதான் கைகூடுகிறது. அங்கே ஒரு குழுவினர் 6 அடி நீளமே உள்ள குட்டைப் படகுகளில் ஓர் அலையின் முகப்பில் அமர்ந்து சுழன்றதையும், படகை மூக்கின்மேல் நிறுத்தி வண்டிச் சக்கரம்போல் உருட்டியதையும் பார்த்ததிலிருந்து, ஃப்ரீஸ்டைல் கற்றே ஆக வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. பாறைக்குப் பின்னால் நீர் திரும்பிச் சுழலும் எடியிலிருந்து ஆற்றின் ஓட்டத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் நான் ஏன் கவிழ்கிறேன்? மழைக்குப் பின் எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் எதைப் பயிலலாம்? கண்மாய் நிரம்பி, மிகுநீர் வெளியேறும் கலுங்குச் சுவரின்மேல் நீர் வழியும்போது அதன் அடியில் சிறிய அலையொன்று நிற்கிறது. ஓடும் நீர் நம் ஊரில் வேறெங்கும் கிடைக்காத நிலையில், அங்கே பயில்வது பாதுகாப்பானதா?

மணிமுத்தாறு (தேவகோட்டை) எழுதியது:

தம்பி, முதல் ஐயத்தையே எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்ற வித்தைகளுக்கும் வழி திறக்கும்.

எடிக்குள் நீர் மேல்நோக்கித் திரும்பி ஊர்கிறது. அதற்கு ஒரு முழம் அப்பால் ஆறு கீழ்நோக்கிப் பாய்கிறது. இரண்டும் உரசும் கோட்டை நீங்கள் கடக்கும்போது படகின் மூக்கு ஓட்டத்திலும் பின்பகுதி எடியிலுமாக இருப்பதால், படகு தானாகவே நீர் போகும் திசைக்குத் திரும்புகிறது. அந்த நொடியில் நீர் வரும் பக்கத்து விளிம்பு சற்றுத் தாழ்ந்திருந்தாலும், ஓட்டம் படகின் மேல்தளத்தில் ஏறி உட்கார்ந்து, அந்தப் பக்கமாகவே உங்களைக் கவிழ்த்துவிடும். வளைவில் சைக்கிள் ஓட்டுகிறவர் எப்படி உட்பக்கமாகச் சாய்கிறாரோ, அப்படியே இங்கும் திருப்பத்தின் உட்பக்கமாகப் படகைச் சாய்க்க வேண்டும். எடியை விட்டு வெளியேறும்போது உட்பக்கம் என்பது நீர் போகும் பக்கம். எடிக்குள் நுழையும்போது அது ஆற்றின் நீர் வரும் பக்கம்.

சாய்க்க வேண்டியது படகை மட்டுமே. உடம்பையும் சேர்த்துச் சாய்ப்பதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. நீர் வரும் பக்கத்து முழங்காலால் தொடைப்பிடியை (படகினுள் தொடையை அணைத்துப் பிடிக்கும் பகுதி) மேலே தூக்குங்கள், இடுப்பு வளையட்டும், தலையும் மார்பும் படகின் நடுக்கோட்டுக்கு மேலேயே நிற்கட்டும். அச்சத்தில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாலும் பின்விளிம்பு தாழ்ந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். கடக்கும் இடமும் முக்கியம்: பாறையை ஒட்டிய மேல்பகுதியில் அந்தக் கோடு நூல்போல மெல்லியதாக இருக்கும், கீழே போகப் போக அகன்று, குமிழியிட்டு, படகை அலைக்கழிக்கும். ஆகவே பாறைக்கு அருகிலேயே, நல்ல வேகத்தோடு, ஓட்டத்துக்குச் சுமார் 45 பாகைக் கோணத்தில் ஒரே மூச்சில் கடந்துவிடுங்கள். கண் படகின் மூக்கைப் பார்க்கக் கூடாது. போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும்.

உங்களைக் கவிழ்க்கும் அதே விளிம்புதான் ஸ்டெர்ன் ஸ்குவர்ட் என்னும் வித்தையின் சாவி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பு கோட்டைத் தாண்டியதும், நீர் போகும் பக்கத்தில் துடுப்பைப் பின்புறம் ஊன்றி முன்னோக்கி அகல வீசிக்கொண்டே, நீர் வரும் பக்கத்துப் பின்விளிம்பை வேண்டுமென்றே தாழ்த்தினால், ஓட்டம் படகின் பின்பகுதியை அமிழ்த்த, மூக்கு வானத்தை நோக்கி எழும். எப்போது, எவ்வளவு தாழ்த்துவது என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்போது அது வித்தை, இல்லாதபோது கவிழ்தல். அதனால் விளிம்பைத் தூக்குவது தானாக வரும்வரை தாழ்த்தப் பழக வேண்டாம். இன்னொன்று: உலகப் போட்டிகளில் ஒரு முறைக்கு 45 விநாடிதான் கொடுக்கிறார்கள், ஒரே வித்தையை இடப்பக்கமும் வலப்பக்கமும் செய்தால் தனித்தனியே மதிப்பெண் உண்டு. உங்களுக்குப் போட்டி நோக்கம் இல்லாவிட்டாலும், முதல் நாளிலிருந்தே இரு பக்கமும் சமமாகப் பயிலுங்கள். ஆறு உங்களுக்கு வசதியான பக்கத்திலேயே எடியைத் தராது.

கண்மாய்க்கரை (கானாடுகாத்தான்) எழுதியது:

மூன்றாவது ஐயத்துக்கு என் விடை: கலுங்கில் இறங்கவே இறங்காதீர்கள். எங்கள் வயல் ஒரு கண்மாயின் ஆயக்கட்டில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கார்த்திகையில் கலுங்கு வழிந்தபோது, கரையோரம் விழுந்து கிடந்த நெற்றுத் தேங்காய் ஒன்று நீரோடு போய்க் கலுங்கின் அடியில் விழுந்தது. நான் அங்கே நின்ற அரை மணி நேரமும் அது அமிழ்ந்து, எழுந்து, சுவரை நோக்கிப் போய், மீண்டும் அமிழ்ந்துகொண்டே இருந்தது. ஓரிரு முறை நாலடி தூரம் வெளியே வந்து, திரும்பவும் உள்ளேயே இழுபட்டது.

சுவரின்மேல் வழியும் நீர் அடியில் பாய்ந்து சற்றுத் தள்ளிப் பொங்கி எழுகிறது. எழும் இடத்திலிருந்து ஒரு பங்கு நீர் மேற்பரப்பில் மீண்டும் சுவரை நோக்கித் திரும்புகிறது. சாலிப்புழையில் பாறைமேல் வழிந்த நீர் விழுந்து உண்டாகும் ஹோல் என்னும் இதே வகைச் சுழற்சி பெரும்பாலும் ஒழுங்கற்றது. அதன் முனைகள் நீர் போகும் திசையில் வளைந்திருந்தால், ஓரமாக நகர்ந்து வெளியேறலாம். கலுங்கோ நேர்கோட்டில் கட்டப்பட்டது, இரு முனைகளிலும் பக்கச்சுவர் உள்ளது, சுழற்சி ஒரு முனை முதல் மறுமுனை வரை ஒரே சீராக இருக்கிறது. அந்த நுரை நீரில் காற்று மிகுதியாகக் கலந்திருப்பதால் லைஃப் ஜாக்கெட்டும் வழக்கம்போல மிதக்க வைக்காது. போதாக்குறைக்கு, கலுங்கின்மேல் நட்டுவைத்த குத்துக்கற்களுக்கு இடையே நீர் புகுந்து போகும். படகு குறுக்கே சிக்கினால் ஆளை நீர் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது என்பதால், கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்று நம்பி நண்பர்களையும் அழைத்துச் செல்லாதீர்கள். பார்வைக்கு முழங்கால் உயர அலைதான்; அதுவே அதை இன்னும் ஆபத்தாக்குகிறது.

பள்ளத்தூர்ப் பெண் எழுதியது:

கண்மாயில் பயில நிறைய இருக்கிறது. முதலில் ரோல், இரு பக்கமும் பத்துக்கு ஒன்பது வரும்வரை வேறெதையும் தொட வேண்டாம். அடுத்து, படகை ஒரு விளிம்பில் சாய்த்து வைத்தபடியே நேராகச் செலுத்தப் பழகுங்கள். மணிமுத்தாறு ஐயா சொன்ன இடுப்பு வளைவு அதில்தான் பதியும். பிறகு டபுள் பம்ப்: சாய்ந்த படகில் ஒரே துடுப்பிலையால் முன்னோக்கி ஓர் இழுப்பு கொடுத்து மூக்கைத் தூக்கி, அதே இலையால் உடனே பின்னுந்தி மூக்கை நீருக்குள் அமிழ்த்த வேண்டும். இதற்கு ஆளுயர ஆழம் தேவை.

ஊருணியில் மட்டும் படகை இறக்காதீர்கள். குடிக்கும் தண்ணீருக்காக வெட்டியது அது. கண்மாயிலும் மீன்பாசிக் குத்தகைக்காரரிடமும் ஊராட்சியிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. தனியாகப் போக வேண்டாம்.

செம்மண்துடுப்பு (காரைக்குடி) எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பயிற்சியின்போது எடுத்த படங்களை நேற்றிரவு மறுபடி பார்த்தேன். கவிழ்வதற்கு முந்தைய நொடியில் எடுத்த நான்கு படங்களிலும் என் தலை நீர் வரும் பக்கத்து விளிம்புக்கு மேலே தொங்குகிறது. துடுப்பும் அந்தப் பக்கமே நீண்டிருக்கிறது. கலுங்கு எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். கண்மாய்ப் பயிற்சிக்கு இப்போதே குட்டைப் படகு வாங்கலாமா?

பள்ளத்தூர்ப் பெண் எழுதியது:

ரோல் உறுதிப்படும்வரை நீளமான பழைய படகு ஒன்றே போதும்; குட்டைப் படகில் பின்பகுதி மெலிந்திருப்பதால் சிறு பிழைக்கும் அமிழும். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. கண்மாய் வறண்டு கிடக்கும் இந்தப் புரட்டாசியிலேயே உள்வாயில் இறங்கி நடந்து, சீமைக்கருவேலத் தூர்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை விழுந்து செந்நீர் நிறைந்துவிட்டால் தலைகீழாகத் தொங்கும்போது ஒரு சாண் தூரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது.