ரீலோடிங் (சுட்ட கூட்டில் மறுபடி தோட்டா செய்வது): பித்தளைக் கூட்டை ஒவ்வொரு சுற்றும் அனீல் செய்யணுமா, அதாவது கழுத்தைச் சூடுகாட்டி இளக்கணுமா?

தோட்டாப்பெட்டி: என் .308 ரைஃபிள் கூடுகளை நான்கு முறை சுட்டாகிவிட்டது. எல்லாம் ஒரே பிராண்ட். டையில் (கூட்டை அளவுக்குச் சுருக்கும் அச்சு) போட்டு எடுத்த பிறகும், புல்லட்டைப் பிடிக்கும் கழுத்தின் அளவு ஆளுக்கொன்றாக இருக்கிறது. புல்லட்டை அமுக்கினால் சிலதில் வழுக்கிப் போகிறது, சிலதில் அடம்பிடிக்கிறது. இப்போதே அனீல் செய்யலாமா, கழுத்து விரிசல் விடும்வரை ஓட்டலாமா?

சூடுகாட்டி: ஒவ்வொரு சுற்றும் செய்யுங்கள். சுடும்போது கழுத்து விரிகிறது, டை சுருக்குகிறது, எக்ஸ்பாண்டர் உருண்டை திரும்ப விரிக்கிறது. இப்படி வளைத்துக்கொண்டே இருந்தால் பித்தளை இறுகத்தான் செய்யும். இறுகிய கழுத்து டையை விட்டு வந்ததும் சற்றே திரும்பி விரிந்துகொள்ளும். கூட்டுக்குக் கூடு அது மாறுவதால்தான் பிடிமானமும் மாறுகிறது. விரிசல் கண்ணில் பட்ட பிறகு அனீல் செய்து என்ன பயன், அந்தக் கூடு குப்பைக்குத்தானே?

பழையகுழல்: அவசரப்படாதீர்கள். கழுத்தின் உட்புறம் காய்ந்து கிடந்தாலும் புல்லட் இதே மாதிரிதான் அடம்பிடிக்கும். முதலில் கரியைத் துடைத்து, எக்ஸ்பாண்டருக்குக் கொஞ்சம் மசகு போட்டுப் பாருங்கள். நான் .45 ஏசிபி பிஸ்டல் கூடுகளை அனீல் செய்வதே இல்லை. அவை இறுகுவதற்கு முன்பே புல்லில் தொலைந்துவிடுகின்றன!

சூடுகாட்டி: அவர் கேட்டது ரைஃபிள் கூடு. குறைந்த அழுத்தப் பிஸ்டல் கூட்டை ஏன் இழுக்கிறீர்கள்?

பழையகுழல்: சரி, ரைஃபிளுக்கே வருகிறேன். டார்ச்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றும் சூடுகாட்டுகிறவர் என்றாவது ஒரு நாள் அதிகமாகக் காட்டிவிடுவார். அதுதான் என் பயம்.

உலோகப்பித்தன்: பயம் நியாயம்தான். ஆனால் அது எப்படிச் செய்வது என்ற கேள்வி, எப்போது என்பதற்குப் பதில் ஆகாது. .308-க்கு அழுத்த வரம்பு 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). அதைத் தாங்குவது கூட்டின் கெட்டியான அடிப்பகுதி. அது இளகிவிட்டால் தண்ணீரில் போட்டாலும் மீளாது. பித்தளை எஃகு இல்லை, குளிரவைத்தால் கெட்டிப்படாது. தண்ணீர் செய்வதெல்லாம் சூடு கீழே இறங்காமல் தடுப்பதுதான். கழுத்தின் உள்ளே 400 டிகிரி செல்சியஸில் உருகி வெப்பத்தைக் காட்டும் லாக்கரும் (ஒரு பூச்சு), தோளுக்குக் கீழே வெளிப்புறம் 250-ஐ ஒட்டி உருகும் லாக்கரும் பூசுங்கள். மேலே உள்ளது உருகணும், கீழே உள்ளது உருகக்கூடாது. நல்ல வெளிச்சத்தில் செக்கச்செவேலென்று தெரிந்தால் எல்லை தாண்டியாயிற்று.

இன்னொன்று, சுடாத தோட்டாவின் கூடும் விரிசல் விடும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்களின் கூடு விரிசல் விட்டது. பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் சேர்ந்த வேலை. அம்மோனியா கலந்த பாலிஷைக் கூட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பழையகுழல்: லாக்கர் வைத்துச் செய்கிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சுற்றும் என்பது சுடும் போட்டிக்குப் போகிறவர்களின் கணக்கு. மற்றவர்களுக்கு மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை போதும். அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் (சுவர் மெலிந்த அடையாளம்) தெரிந்தால் அனீலிங் அதைக் காப்பாற்றாது. நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுவரைத் தடவுங்கள், பள்ளம் தட்டினால் தூக்கிப் போடுங்கள்.

தோட்டாப்பெட்டி: பாதியைத் துடைத்து மசகு மட்டும் போடுகிறேன். மீதியை அதே மாதிரி துடைத்து, அனீலும் செய்கிறேன். இரண்டையும் ஒரே டையில் போட்டு அளந்து பார்க்கிறேன்.

சூடுகாட்டி: செய்யுங்கள். சூடுகாட்டும் முன் பிரைமர் (அடியில் உள்ள, மருந்தைப் பற்றவைக்கும் மூடி) எல்லாம் கழற்றியாயிற்றா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்புறம் இரண்டு குவியலையும் கலந்துவிடாதீர்கள், அடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.