பி.ஏ. அரசியல் அறிவியலில் சேர்ந்தால் ஐ.ஏ.எஸ். தேர்வில் பாதி முடிந்துவிட்டதா?

கணக்குப்பிள்ளை:
பிளஸ் டூ மாணவர்களுக்கான மேற்படிப்பு வழிகாட்டி நிகழ்ச்சி ஒன்றில் பேசியவர், "பி.ஏ. அரசியல் அறிவியலில் சேர்ந்த அன்றே ஐ.ஏ.எஸ். தேர்வில் பாதி முடிந்துவிட்டது" என்று கூச்சமில்லாமல் சொன்னார், பெற்றோர்கள் கைதட்டினார்கள். முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குச் சேரும் எழுத்துத் தாள்களுக்கு 1750 மதிப்பெண், நேர்முகத் தேர்வுக்கு 275, ஆக மொத்தம் 2025. அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாகத் தேர்ந்தெடுத்தால் அதன் இரு தாள்களுக்கும் சேர்த்து 500. கால் பங்குகூட நிறையாத ஒன்றைப் பாதி என்பவர் யாருக்கு வழிகாட்டப் போகிறார்?

வைகைக்கரையான்:
ஐயா, பொது அறிவு இரண்டாம் தாளை வசதியாக மறந்துவிட்டீர்கள். அரசமைப்பு, ஆளுகை, சமூக நீதி, பன்னாட்டு உறவுகள் என்று அந்த 250 மதிப்பெண்ணில் பெரும்பகுதி எங்கள் வகுப்பறையில் மூன்று ஆண்டுகள் நடப்பதுதான். 500-உடன் அதைச் சேர்த்தால் 750; எழுத்துத் தேர்வில் ஏறத்தாழ 43 விழுக்காடு. கட்டுரைத் தாளையும் முதல்நிலைத் தேர்வின் அரசமைப்புக் கேள்விகளையும் கணக்கில் கொண்டால் பாதி என்பதில் என்ன பிழை? 2015-ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெற்ற டினா டாபி அரசியல் அறிவியல் பட்டதாரி. விருப்பப் பாடமும் அதுவே.

கணக்குப்பிள்ளை:
43 என்பது பாதியாகாது. நேர்முகத் தேர்வையும் சேர்த்து 2025-ஆல் வகுத்தால் அது 37 ஆகிறது. டினா டாபியைச் சொன்னவர், 2022-இல் முதலிடம் பெற்ற இஷிதா கிஷோரை ஏன் சொல்லவில்லை? அவர் பொருளியல் பட்டதாரி. 2024-இல் முதலிடம் பெற்ற சக்தி துபே உயிர்வேதியியல் படித்தவர். இருவரும் அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்தார்கள். அந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்று எந்த விதியும் அவர்களைத் தடுக்கவில்லை. அப்படியிருக்க, அந்தப் பி.ஏ. கொடுத்த பாதி எங்கே இருக்கிறது?

மலைக்கோட்டை வாசகி:
கலெக்டர் நாற்காலியைத் தவிர இந்தப் படிப்புக்கு வேறு போக்கிடமே இல்லை என்பதைப் போல இருவரும் வாதிடுகிறீர்கள். முதுகலைக்குப் பின் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு, ஆய்வு உதவித்தொகை, முனைவர் பட்டம் என்றொரு வழி உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருடன் இருந்து மசோதாக்களை ஆராய்ந்து குறிப்பெழுதும் லேம்ப் பயிற்சித் திட்டத்தை, நாடாளுமன்றச் செயல்பாடுகளை ஆராயும் பி.ஆர்.எஸ். நிறுவனம் நடத்துகிறது. லோக்நிதி போன்ற அமைப்புகளின் தேர்தல் ஆய்வுகளில் மாணவர்கள் வீடு வீடாகச் சென்று கருத்துக் கேட்கிறார்கள். அதற்குப் புள்ளியியல் தெரிய வேண்டும். நம் கல்லூரிகளில் அதை யாரும் அழுத்திச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் உண்மையான குறை.

கணக்குப்பிள்ளை:
அம்மையார் கல்லூரி ஆசிரியர் என்பதால் நெட் தேர்வை முதலில் வைப்பது இயல்பே. தேர்ச்சி பெற்ற பிறகும் எத்தனை பேர் கௌரவ விரிவுரையாளர்களாகவே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்பதை அடுத்த வரியில் எழுதியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும். பொறியியல் படிப்பைப் பற்றிச் சென்ற ஆண்டு பேசியபோதும் இனிப்பை மட்டும்தான் பரிமாறினீர்கள். போகட்டும், பாதிக்கு வருகிறேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடமே கிடையாது. அங்கே உங்கள் 500 முழுவதும் பூஜ்யம்.

மலைக்கோட்டை வாசகி:
கௌரவ விரிவுரையாளர்களின் நிலை எனக்குத் தெரியும். அதை நீங்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டின் வன்மத்தை இங்கே இறக்கி வைக்கவும் தேவையில்லை.

பிளஸ் டூ மாணவன்:
மதிப்பெண் கணக்கு புரிந்தது. டெல்லிக்குப் போய்ப் படிக்க வேண்டுமா, இங்கேயே சேரலாமா என்று யாராவது சொல்வீர்களா?

மலைக்கோட்டை வாசகி:
தம்பி, டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேர 2022 முதல் கியூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இங்கேயே சேர்ந்தாலும் குறைவில்லை. அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்களை மூலத்திலேயே படியுங்கள், ஆங்கிலத்தில் எழுதப் பழகுங்கள்.

வைகைக்கரையான்:
கணக்குப்பிள்ளை ஐயா, உங்களைப் போன்ற பொறியாளர்களுக்கு எதைக் கண்டாலும் வகுக்கத்தான் தோன்றும். படிப்பு கொடுக்கும் சிந்தனைப் பயிற்சிக்கு எந்தத் தாளில் மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்பீர்கள் போலும்! பாதி என்று சொன்னவர் குறைத்துத்தான் சொன்னார் என்பேன்.

கணக்குப்பிள்ளை:
சிந்தனைப் பயிற்சி என்று மேகத்தில் ஏறிக்கொண்டால் எவரும் வகுக்க முடியாதுதான். 2023-இல் முதலிடம் பெற்ற ஆதித்ய ஸ்ரீவாஸ்தவா மின்பொறியியலை விருப்பப் பாடமாக எடுத்தவர்; அதற்கும் அதே 500 மதிப்பெண். நாளைக்கு ஒருவர் மேடையேறி, மின்பொறியியலில் சேர்ந்தாலே ஐ.ஏ.எஸ்.ஸில் பாதி முடிந்தது என்றால் கைதட்டுவீர்களா?

வைகைக்கரையான்:
மின்பொறியியல் வகுப்பில் எந்த ஆண்டு அரசமைப்புச் சட்டம் நடத்துகிறார்கள் என்று சொல்லுங்கள், கைதட்டுகிறேன். அதுவரை பாதி பாதிதான்.

கணக்குப்பிள்ளை:
மொத்த மதிப்பெண்ணான 2025-இல் பாதி 1012.5. உங்களிடம் இருப்பது 750. மீதி 262.5 எந்தத் தாளில் இருக்கிறது என்று தாளின் பெயரைச் சொல்லிவிட்டு மறுபடி வாருங்கள்.