புதுப்பிப்பு: வெயில் தோட்டத்துப் பூச்செடிகள், கோடைக்குப் பிறகு

கோவில்பட்டிப் பக்கம், கரிசல் மண், நாள் முழுக்க வெயில், வாரம் ஒருமுறைதான் தண்ணீர். இதில் வருஷக்கணக்கில் நின்று பூக்கும் செடி எது என்று தை மாதம் கேட்டிருந்தேன். நிறையப் பேர் யோசனை சொன்னீர்கள், நன்றி. அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது, நிலவரம் இதுதான்.

காகிதப்பூவுக்குத்தான் முதலிடம். தண்ணீரைக் குறைத்தால் இலையைக் கொட்டிவிட்டுப் பூவாகத் தள்ளுகிறது. பூத்து ஓய்ந்த கிளைகளை நுனியில் வெட்டிவிட்டால் புதுத் தளிரில் மறுபடி பூ. கிட்டே போய்ப் பாருங்கள்: நாம் பூ என்று நினைக்கும் அந்த ரோஸ் நிறமெல்லாம் இலைதான். நடுவில் நிற்கிற மூன்று சின்னக் குழல்கள்தான் நிஜப் பூ. எனக்கு அது அலுக்கவே இல்லை.

நித்தியகல்யாணி மதியம் துவளும், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். துவண்டதைப் பார்த்துப் பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள். கரிசலில் நீர் தேங்கினால் வேர் அழுகிச் செடியே போய்விடும். அதனால் மேடு கட்டி, மணல் கலந்து நட்டிருக்கிறேன். ஆடு வாய் வைப்பதில்லை என்பது இன்னொரு நிம்மதி.

செவ்வரளி பிரமாதம். ஆனால் செடி முழுக்க விஷம், குழந்தைகள் இருக்கும் வீடு என்பதால் வேலி ஓரத்தோடு சரி.

ஆவாரை விதையை நேரடியாக மண்ணிலேயே ஊன்றினேன்; ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடியைப் பிடுங்கி நடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முளைத்திருக்கிறது, இன்னும் பூக்கவில்லை.

அப்புறம், டிசம்பர் பூவை இப்போது கவாத்து செய்யலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.