முதல் வீடு வாங்கப் போகிறேன், எங்கே தொடங்குவது?

கேள்வி:
பத்து வருடமாக வாடகை வீடு. முன்பணம் ஓரளவு சேர்ந்துவிட்டது. ஞாயிறுதோறும் வீடு பார்க்கிறோம். எல்லாமே பிடிக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. முதலில் வீடா, கடனா?

பதில் 1:
கடன்தான். எவ்வளவு கிடைக்கும் என்று வங்கியில் கேட்டுவிட்டு வீடு பாருங்கள். ஆனால் அவர்கள் தருவதை எல்லாம் வாங்காதீர்கள். 9 சதவீத வட்டியில் 20 வருடம் கட்டினால், கடனைவிட வட்டியே அதிகம். அதையே 15 வருடமாக்கினால் தவணை சுமார் 13 சதவீதம் ஏறும், மொத்த வட்டியோ கால் பங்குக்கு மேல் குறையும். பதிவுச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள், நான் மறந்துவிட்டு மைத்துனரிடம் கை நீட்டினேன்.

பதில் 2:
நான் ஏமாந்த கதை. புதுச் சுண்ணாம்பு வாசனையில் மயங்கிக் கையெழுத்துப் போட்டேன். முதல் மழைக்கு அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்க ஓதம். கை வைத்தால் பூச்சு மாவாக உதிர்ந்தது. அதனால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். அலமாரியை நகர்த்தச் சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள். குழாய்களை எல்லாம் ஒன்றாகத் திறந்துவிடுங்கள். பத்திரத்தை உங்கள் வக்கீல் பார்க்கட்டும், விற்பவர் சொல்லும் வக்கீல் வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. நேற்றுப் பார்த்த வீட்டிலும் ஒரு பெரிய அலமாரி இருந்தது. சனிக்கிழமை மறுபடி போகிறேன்.