முன் ஸ்ப்ராக்கெட் ஆடுகிறது: இறுக்கினால் போதுமா?

மண்பாதை:
பைக்கின் செயினைத் துடைப்பதற்காக மூடியைக் கழற்றியபோது, முன் ஸ்ப்ராக்கெட் (எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்டில் மாட்டிய, செயினை இழுக்கும் பல்சக்கரம்) ஷாஃப்டின் மேல் உள்ளும் புறமுமாகச் சற்றே நகர்வதைக் கண்டேன். இரண்டு சிறு போல்ட்டுகளால் பூட்டப்பட்ட ஒரு தகடுதான் அதைப் பிடித்திருக்கிறது. போல்ட்டுகளை இன்னும் இறுக்கலாமா?

இரும்புக்கை:
தாராளமாக இறுக்குங்கள். எஞ்சினின் விசை முழுவதும் அந்தச் சக்கரத்தின் வழியாகவே செயினுக்குப் போகிறது. அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவது அறிவுடைமை அன்று. மரைப்பசை (போல்ட் தானாகக் கழலாமல் மரையைப் பிடிக்கும் பசை) தடவி, நன்றாக முறுக்கிவிடுங்கள்.

நிதானி:
இந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை. இவ்வகை அமைப்பில் தகடு ஷாஃப்டில் வெட்டப்பட்ட பள்ளத்துக்குள் சற்றுத் திரும்பி நின்று, சக்கரம் வெளியே கழன்று வராமல் தடுக்கிறதே தவிர, அதை ஷாஃப்டோடு அழுத்திப் பிடிப்பதில்லை. போல்ட்டுகள் தகட்டைச் சக்கரத்தோடு மட்டுமே இணைக்கின்றன. எனவே எவ்வளவு முறுக்கினாலும் பக்கவாட்டு ஆட்டம் குறையாது. போல்ட்டின் தலைதான் முறியும். சக்கரம் செயினின் நேர்கோட்டுக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்ள அந்தச் சிறு ஆட்டம் உதவவும் செய்கிறது.

இரும்புக்கை:
எல்லா வண்டிகளும் தகடு வைத்தவை அல்லவே. நடுவில் ஒரே பெரிய நட்டும், விளிம்பை மடித்துப் பூட்டும் வாஷரும் உள்ள வண்டிகளில் நட் தளர்ந்தால், ஸ்ப்லைன் பற்கள் (ஷாஃப்டும் சக்கரமும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வரிப்பற்கள்) ஒன்றையொன்று அரைத்துச் செந்நிறப் பொடியாக உதிர்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் இயல்பானதே என்று பொதுவாகச் சொன்னால், அத்தகைய வண்டி வைத்திருப்பவரும் அதை நம்பிவிடுவார்.

நிதானி:
நட் உள்ள வண்டியில் உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. அங்கே பழைய வாஷரை மீண்டும் மடிக்காமல் புதியதைப் போட்டு, வண்டியின் கையேடு கூறும் அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். சில வண்டிகளில் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகும் இடப்புற மரை இருப்பதால் திசையையும் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் கேள்வி கேட்டவருடையது தகடு. அவர் சோதிக்க வேண்டியவை வேறு. செயினைக் கழற்றிவிட்டு வண்டியைக் கியரில் நிறுத்தி, சக்கரத்தை முன்னும் பின்னுமாகச் சுழற்ற முயன்றால், ஷாஃப்ட் அசையாமல் சக்கரம் மட்டும் தெளிவாகத் திரும்புகிறதா என்பது தெரியும்; அப்படித் திரும்பினால் ஸ்ப்லைன் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்டே மேலும் கீழும் அசைந்தால் பழுது பேரிங்கில். அளவுக்கு மீறி இறுக்கிய செயின் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மண்பாதை:
சோதித்தேன். ஷாஃப்ட் அசையவில்லை. சக்கரம் மட்டும் சுழற்சியில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் திரும்புகிறது. தகட்டின் ஓரத்தில் செந்நிறப் பொடியும் இருக்கிறது.

இரும்புக்கை:
அப்படியானால் ஆட்டத்தை அலட்சியப்படுத்தக் கூடாது என்று நான் சொன்னதில் பிழையில்லை.

நிதானி:
அலட்சியப்படுத்தச் சொன்னது யார்? இறுக்கினால் தீராது என்றுதான் சொன்னேன். புதிய சக்கரத்தை மாட்டிப் பாருங்கள். சுழற்சியில் உள்ள ஆட்டம் மறைந்தால் தேய்ந்தது பழைய சக்கரமே. மறையாவிட்டால் ஷாஃப்டை மாற்ற வேண்டும், அதற்குப் பெரும்பாலும் எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும். செலவுக்கு அஞ்சிச் சக்கரத்தை ஷாஃப்டோடு வெல்டிங் செய்யச் சிலர் தூண்டுவார்கள். அந்த வெப்பத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் கருகும், ஷாஃப்டின் கடினமும் கெடும்.

இரும்புக்கை:
வெல்டிங் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. மரைப்பசையை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: புதிய சக்கரத்தை மாட்டும்போது அந்த இரு போல்ட்டுகளின் மரையிலும் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகத் துடைத்த பின், கைக்கருவியால் கழற்றக்கூடிய நடுத்தர வகைப் பசையில் ஒரு துளி விடுங்கள்.